அழையா அழைப்பு: கொழும்புத் தமிழரின் தொலைபேசிச் சொற்கள் பற்றி ஒரு நோக்கு

கலைச்சொல்லாக்கம் பற்றி நம்மிடையே எழுந்துள்ள கட்டுரைகளுட் பெரும்பாலானவை பண்டங்களின் பெயரோடு நின்றுவிடுகின்றன. பண்டத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டால் மொழியின் கடமை தீர்ந்தது என்னும் எண்ணம் அவற்றின் அடியிற் கிடக்கின்றது. 'தொலைபேசி' என்னும் சொல் பாடநூலிலும் பத்திரிகையிலும் அரச படிவத்திலும் நிலைபெற்றுப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. ஆயின் அக்கருவியின் வழியே மனிதர் ஒருவருக்கொருவர் செய்யும் காரியங்களுக்கு, அதாவது அழைத்தல், ஏற்றல், தவிர்த்தல், விற்றல், ஏமாற்றல், மிரட்டல் ஆகியவற்றுக்கு, நம்மிடம் உள்ள சொற்கள் எவை? அவை எவருடைய நிலையில் நின்று ஆக்கப்பட்டவை? இவ்வினாக்களுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். நாம் கேளாமலே நம்மை வந்தடையும் அழைப்புக்கு நாம் என்ன பெயர் இடுகின்றோம் என்பதே அது.

ஆய்வுக்களமாகக் கொழும்பின் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் கொண்டமைக்குக் காரணம் உண்டு. இலங்கைத் தமிழரின் தொலைபேசி வரலாறு இவ்விரு பகுதிகளிலும் செறிந்து கிடக்கின்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்த பிள்ளைகளின் குரலைக் கேட்பதற்குப் பெற்றோர் தெற்கே வரவேண்டியிருந்தது. வெள்ளவத்தைக் காலி வீதியின் இரு மருங்கிலும், கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும், தங்குவிடுதிகளை அடுத்து 'கொமியூனிகேஷன்' என்னும் பெயர்ப்பலகையோடு சிறுகடைகள் தோன்றின. ஆங்கிலத்தில் அருவப் பொருள் குறிக்கும் அச்சொல், கொழும்புத் தமிழில் நாற்காலியும் கண்ணாடித் தடுப்பும் மணிக்கூடும் கொண்ட ஒரு கடையைக் குறிக்கும் பருப்பொருட் பெயராயிற்று. எந்தச் சொல்லாக்கக் குழுவும் அதனை ஆக்கவில்லை. 'தொடர்பாடல் நிலையம்' என்று அதற்கு அழகிய தமிழ் கூறலாம். ஆனால் விசாவுக்குக் காத்திருந்த ஒருவர் அச்சொல்லைச் சொல்லி வழி கேட்டிருப்பின் எவரும் காட்டியிருக்கமாட்டார்.

வினைச்சொற்களை முதலில் நோக்குவோம். தமிழ்நாட்டார் 'போன் பண்ணினேன்' என்பர். இலங்கைத் தமிழர் பேச்சில் 'கோல் எடுத்தேன்' என்பதே பெருவழக்கு. தமிழ்நாட்டில் 'எடுத்தல்' என்பது மணியடிக்கும் தொலைபேசிக்கு மறுமொழி கூறுதலாகும். நம்மிடையே அது அழைப்பை விடுத்தலாகும். மறுமொழி கூறுதலை நாம் 'தூக்குதல்' என்கின்றோம். 'நான் எடுத்தனான், நீர் தூக்கேல்லை' என்னும் யாழ்ப்பாணத்து முறைப்பாடு சென்னையிற் குழப்பத்தையே விளைவிக்கும். சிங்களத்திலும் அழைப்பு விடுத்தலைக் குறிக்க 'கன்னவா' என்னும், எடுத்தற் பொருள்தரும் வினையே வழங்குகின்றது என்பது இங்கு நோக்கத்தக்கது. யார் யாரிடமிருந்து பெற்றனர் என்று தீர்ப்பதைவிட, இரு மொழியினரும் ஒரே கடையில், ஒரே மேசைக் கருவியைக் கையில் எடுத்தே பேசினர் என்று கொள்வது பொருந்தும். ஒலிபெயர்ப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. டகரம் மொழிக்கு முதலாகாது என்னும் இலக்கண விதியை யாழ்ப்பாண மரபு கருத்தோடு பேணியமையால் 'ரெலிபோன்' என்றெழுதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆங்கில உயிரொலியைத் தமிழ்நாட்டார் ஆகாரமாகக் கேட்டுக் 'கால்' என்றனர். நாம் ஓகாரமாகக் கேட்டுக் 'கோல்' என்றோம். ஒன்று உடலுறுப்பாயிற்று, மற்றது செங்கோலில் உள்ள கோலாயிற்று. இரண்டாலும் தமிழுக்குப் பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை.

எழுத்துத் தமிழில் இவை அனைத்துக்கும் பொதுவாக நிற்பது 'அழைப்பு' என்னும் சொல்லாகும். இச்சொல்லிற் சிறிது தங்கிச் செல்லவேண்டும். தமிழில் அழைத்தல் என்பது குரல் கொடுத்தல் மட்டுமன்று; வா என்று கூறுதல். திருமணத்துக்கு அழைக்கின்றோம், அதனை அச்சிட்டால் அழைப்பிதழ். அழைப்பவர் தம் வீட்டு வாயிலைத் திறந்துவைத்து நிற்கிறார் என்பது இதன் பண்பாட்டுப் பொருள். அழையாமல் வருபவரை 'அழையா விருந்தாளி' என்று நம் வழக்குப் பழிக்கின்றது. இதே அடியிலிருந்து நீதிமன்றத் தமிழ் 'அழைப்பாணை' என்னும் சொல்லைப் பெற்றது. அழைப்பிதழை மறுக்கலாம், அழைப்பாணையை மறுக்கவியலாது. தொலைபேசி அழைப்போ இவ்விரண்டின் இயல்பையும் புரட்டிவிடுகின்றது. அழைப்பவர் நம்மை வரச் சொல்வதில்லை. அவரே நம் வீட்டினுள் வந்துவிடுகிறார். அழைப்பு என்னும் பெயரோடு நுழைபவர் உண்மையில் அழையா விருந்தாளியாவார். மலையாளிகள் இதற்கு 'விளி' என்பர். தொல்காப்பியர் தனி இயலே வகுத்த அச்சொல், பெயர்சொல்லிக் கூவுதலை மட்டும் குறித்து, வருக என்னும் உபசாரத்தை ஏற்றாமல் நிற்கின்றது. நம் சொல்லாக்கக்காரர் அதனைக் கைவிட்டது சிறு இழப்பே எனினும், இனி அதனை மீட்க முனைவது வீண் முயற்சியாகும். 'அழைப்பு' வேரூன்றிவிட்டது.

இனி, கேளாமல் வரும் அழைப்புக்கு வழங்கும் பெயர்கள். தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'தொல்லை அழைப்பு' என்றும் 'தேவையற்ற அழைப்பு' என்றும் எழுதுகின்றன. சட்டத்தை மொழிபெயர்ப்போர் 'கோரப்படாத' என்னும் அடைமொழியை விரும்புகின்றனர். இலங்கைப் பத்திரிகைகளில் நெடுங்காலமாக வழங்கிவந்தது 'அநாமதேய அழைப்பு'. இந்நான்கும் ஒன்றற்கொன்று மாற்றாகப் பயன்படுத்தப்படுவதைக் காண்கின்றோம். ஆனால் இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. 'தொல்லை' விளைவைக் கொண்டு அழைப்பை அளக்கின்றது. 'தேவையற்ற' பயனைக் கொண்டு அளக்கின்றது. 'கோரப்படாத' இசைவைக் கொண்டு. 'அநாமதேய' அழைப்பவர் தம்மை வெளிப்படுத்துவதைக் கொண்டு. அளவுகோல் வேறானால் குற்றமும் வேறு, குற்றவாளியும் வேறு.

'தேவையற்ற' என்னும் அடைமொழி வாடிக்கையாளர்க்கு அறிவுரை கூறும் துண்டுப்பிரசுரங்களுக்கு மிகவும் உவப்பானது. தேவையற்ற அழைப்புகளுக்குப் பதிலளிக்க வேண்டாம் என்பது அவற்றின் நிலையான வாய்பாடு. தேவையற்றது என்பதைப் பதிலளித்த பின்னரே அறியமுடியும் என்னும் எளிய உண்மையை இவ்வாய்பாடு காணத் தவறுகின்றது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளில், பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியோர் பலர் உளர். மலிவு விலை அட்டைகளையும் இணையவழித் தடங்களையும் பயன்படுத்தி மகன் எடுக்கும் அழைப்பு, திரையில் முன்பின் அறியாத இலக்கத்தோடு தோன்றக்கூடும். சில வேளை இலக்கமே தோன்றாது. அறியாத இலக்கத்தைத் தூக்கவேண்டாம் என்று அத்தாய்க்குக் கூறுவது, மகன் கூப்பிட்டாலும் தூக்கவேண்டாம் என்று கூறுவதற்கு ஒப்பாகும். புலம்பெயர்வு உருவாக்கிய இக்குடும்ப அமைப்பையே மோசடிக்காரரும் பயன்படுத்துகின்றனர். பரிசு விழுந்துள்ளது, வங்கியிலிருந்து பேசுகின்றோம், கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கங்களைச் சொல்லுங்கள் என்று தொடங்குவோர், அவ்வம்மையார் அறியாத இலக்கத்தையும் தூக்குவார் என்பதை அறிந்தே தொடங்குகின்றனர். 'அம்மா' என்று விளிப்பதற்கும் அவர்களுக்குத் தெரியும். பொறுப்பைப் பெறுபவர்மேற் சுமத்தும் சொல் என்ற வகையில் 'தேவையற்ற' என்பதை நாம் ஏற்கவியலாது.

'கோரப்படாத' என்பது தருக்கமுறையில் இதனினும் செம்மையானது. இசைவு என்னும் உரிமையை முன்வைக்கின்றது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் வெளியிட்ட விதிகளும் அழையாதோர் பதிவேடும் இக்கருத்தின்மேல் எழுந்தவையே. 2010இல் அவை திருத்தப்பட்டன. 2018இல் புதிய விதிகள் வந்தன. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரது தரவைக் கொண்டு அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு அவரது சம்மதத்தை வேண்டுகின்றது. சட்டத்தின் நோக்கிற் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பொதுவழக்குச் சொல்லாக இது ஓடாது. மனித வாழ்வின் முதன்மையான அழைப்புகள் யாவும் கோரப்படாதவையே. பிறந்த செய்தி, இறந்த செய்தி, பழைய நண்பரின் திடீர்க் குரல் ஆகியவற்றை எவரும் விண்ணப்பித்துப் பெறுவதில்லை. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக்கம்பி இடப்பட்ட காலந்தொட்டு நம் மக்கள் தொலைவிலிருந்து வந்த செய்தியைக் கேளாச் செய்தியாகவே அறிந்திருந்தனர். 'தந்தி வந்திருக்கிறது' என்றாலே வீட்டிற் பெண்கள் அழத்தொடங்கினர். நரம்பு, கம்பி என்னும் பொருள்தரும் ஒரு சொல்லுள் மரணத்தை வைத்தது அகராதி அன்று, வாழ்க்கை. எனவே 'கோரப்படாத' என்பதற்கு அடுத்து 'வணிக' என்னும் சொல் கட்டாயம் நிற்கவேண்டும். அதை விட்டுவிட்டு எழுதும் மொழிபெயர்ப்பு, மகனையும் விற்பனையாளரையும் ஒரே பட்டியலில் இடுகின்றது.

நான்காவது சொல்லே எம்மைப் பெரிதும் ஈர்ப்பது. 'அநாமதேயம்' பெயரின்மையைக் குறிக்கும் வடசொல். மொட்டைக்கடிதத்தைப் பத்திரிகைத் தமிழ் 'அநாமதேயக் கடிதம்' என்றது. பின் அது தொலைபேசிக்கும் வந்தது. பத்திரிகை வழக்கு என்று இதனைத் தள்ளிவிடமுடியாது. ஏனெனில் 2006 முதல் சில ஆண்டுகள் கொழும்பிற் கடத்தல்கள் மலிந்த காலத்தில் இச்சொல் தனிப்பொருள் பெற்றது. தமிழ் வர்த்தகர் பலர் அக்காலத்திற் கடத்தப்பட்டனர், கப்பம் கேட்கப்பட்டது. காணாமற் போனோர் பற்றி ஆவணப்படுத்த மக்கள் கண்காணிப்புக் குழுவொன்று 2006இல் மனோ கணேசன் முதலியோரால் அமைக்கப்பட்டது. 2007 ஜூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர்; மறுநாள் உயர்நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. இச்சூழலில் 'அநாமதேய அழைப்பு' என்று ஒரு செய்தியில் எழுதப்படும்போது வாசகர் அதனை விளம்பரமாகப் புரிந்துகொள்ளவில்லை. கப்பம், கடத்தல், மிரட்டல் ஆகிய மூன்றையும் ஒருங்கே அடக்கிய சொல்லாக அது நின்றது. அழைத்தவர்க்குப் பெயர் இருந்தது, அதனைச் சொல்லவியலாதிருந்தது. பெயரைச் சொல்லாமை அழைத்தவரின் தந்திரமாக இருந்ததுபோலவே, செய்தியாளரின் தற்காப்பாகவும் இருந்தது. ஒரே சொல் இவ்விரு மௌனங்களையும் சுமந்தது.

இந்நிலையில், கடனட்டை விற்கும் நிறுவனத்தின் அழைப்பையும் இன்று 'அநாமதேய அழைப்பு' என்று எழுதுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும். கடனட்டை விற்பவர் தம் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லித்தான் தொடங்குகிறார்; பெயர் சொல்லாமை அவர் குற்றமன்று. அவரைக் குறிக்க இச்சொல்லைச் செலவிட்டால் வரலாற்றுக்குரிய ஒரு சொல்லை மலிவாக்கியவராவோம். சொற்பொருள் விரிவு இயல்பான நிகழ்வு, அதனைத் தடுக்கக் கூடாது என்று மொழியியல் நண்பர் சிலர் கூறக்கூடும். விரிவு இயல்புதான். எனினும் மறதியும் விரிவின் வேடத்தில் வரக்கூடும். வேறு சொற்கள் கையில் இருக்கும்போது இச்சொல்லையே தேடிச்சென்று மழுங்கச்செய்ய எவ்விதத் தேவையும் இல்லை.

அதிகாரத்தின் குரலைப் போலி செய்யும் அழைப்பு இன்னொரு வகை. இந்தியாவில் அண்மை ஆண்டுகளிற் பொலிஸ் அதிகாரிபோல் நடித்து, காணொளி அழைப்பிலேயே ஒருவரைக் 'கைதுசெய்து' பணம் பறிக்கும் மோசடி பரவியது. இதற்கு நாளிதழ்கள் இட்ட பெயர் 'டிஜிட்டல் கைது'. 2024 அக்டோபரில் இந்தியப் பிரதமரே வானொலியில் அவ்வாறான கைதுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. மேலே குறித்த அழைப்பாணையை இங்கு நினைவுகூர்க. விற்பனையாளர் அழைப்பிதழை நீட்டுகின்றார். மோசடிக்காரர் அழைப்பாணையை நீட்டுகின்றார். அதிகாரம் தொலைபேசியில் வரக்கூடும் என்று அஞ்சிப் பழகிய மக்களிடத்தே பின்னதே விரைவிற் பலிக்கும். ஆனால் 'டிஜிட்டல் கைது' என்னும் பெயர், மோசடிக்காரன் தன் நாடகத்துக்கு இட்ட பெயரை அப்படியே ஏற்றுக்கொள்கின்றது. 'போலிக் கைது' என்பதே நேர்மையான சொல்லாகும்.

'மிஸ்ட் கோல்' பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகைகளும் கருவிகளின் திரைகளும் இதனைத் 'தவறிய அழைப்பு' என்றும் 'தவறவிட்ட அழைப்பு' என்றும் பெயர்க்கின்றன. ஆங்கிலச் சொல்லின் மேற்றோற் பொருள் அதுவே. ஆனால் நம் நாட்டில் ஒருவர் 'ஒரு மிஸ்ட் கோல் அடி' என்னும்போது அங்கே தவறியது எதுவுமில்லை. மணி இருமுறை அடித்து நிற்கவேண்டும் என்பது முன்னரே பேசிவைத்த குறி. வந்து சேர்ந்துவிட்டேன், கீழே நிற்கின்றேன், காசில்லை நீர் எடும் என்னும் செய்திகளைக் காசின்றி அனுப்ப வறியோர் கண்ட வழி அது. தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையிலேயே தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் வந்த அழைப்புக்கும் பெற்றவரே பணம் கட்டவேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர் நம்பமாட்டார். அன்று கேளா அழைப்பு தூக்கியவரின் சட்டைப்பையிலிருந்து நேரே காசை எடுத்தது. அத்தகைய கட்டண ஒழுங்கிற் பிறந்த ஒரு மக்கள் வழக்கைத் 'தவறு' என்னும் சொல்லாற் பெயர்ப்பது உழைப்போரின் சாமர்த்தியத்தை அறியாமையாகும். 'மணிக்குறி' என ஒரு சொல் ஆக்கிப் பார்த்தோம். எமக்கே அது சுவைக்கவில்லை. மிஸ்ட் கோல் அப்படியே இருப்பது நன்று.

1875இல் மானிப்பாய் கிறீன் வைத்தியரின் இரசாயன நூல் 'கெமிஸ்தம்' என்னும் பெயருடன் வெளிவந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். தமிழாக்க முடிந்ததைத் தமிழாக்கியும் முடியாததைத் தமிழ் உருவுக்குள் அடக்கியும் எழுதியவர் அவர். தூய்மை, கலப்பு என்னும் இரு கட்சிகளாகப் பிரிந்து நாம் நடத்தும் விவாதத்தின் பெரும்பகுதி அவரது மேசையிலேயே முடிந்துவிட்டது.

கருவியே பேசும் அழைப்பைப் பற்றியும் கூறவேண்டும். 'தொலைபேசி' என்பதில் உள்ள 'பேசி', பேசுவது என்று பொருள்படும். கருவி பேசுகின்றது என்று நம் முன்னோர் பெயரிட்டபோது அது உபசார வழக்காக இருந்தது, பேசியது மனிதரே. 2004ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தலில் வாஜ்பாயின் பதிவுசெய்த குரல் இலட்சக்கணக்கான இல்லங்களுக்குத் தொலைபேசியில் ஒலித்தபோது அவ்வுபசார வழக்கு உண்மை வழக்காயிற்று. இப்போது விளம்பரமும் கடன் நினைவூட்டலும் அவ்வாறே வருகின்றன. நாம் மறுமொழி கூறினால் அது கேட்பதில்லை. உரையாடலுக்கு இருவர் வேண்டும் என்னும் நியதியைக் கைவிட்ட இதனை 'அழைப்பு' என்று கூறுவதே ஐயத்துக்குரியது. 'பதிவுக்குரல்' என்று தனியே பிரிப்பது பொருந்தும். இங்கே தூக்குபவர் கேட்போர் மட்டுமே, பேசுவோர் அல்லர்.

இச்சொல்லாராய்ச்சியால் ஆவது என்ன என்று கேட்பார் உளர். முறைப்பாடு செய்யும் இடத்திலேயே இதன் பயன் தெரியும். 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் தமிழுக்கு அரசகரும மொழித் தகுதியையும் நிருவாகத்தில் இடத்தையும் எழுத்தில் வழங்கின. நடைமுறையில், ஒரு நிறுவனத்துக்கு நாம் எடுக்கும் அழைப்பிலே பெரும்பாலும் சிங்களத்துக்கு ஒன்றையும் தமிழுக்கு இரண்டையும் அழுத்துமாறு பதிவுக்குரல் கூறும். இரண்டை அழுத்தியபின் சில இடங்களில் தமிழ் தெரிந்தவரும் கிடைப்பார். சில இடங்களிற் காத்திருப்பே கிடைக்கும். தமிழ் தெரிந்தவர் கிடைத்தபின் கொட்டாஞ்சேனைத் தாயொருத்தி எதனைச் சொல்லி முறையிடுவாள்? 'ஆரோ தெரியாத ஆக்கள் கோல் எடுத்துக் கரைச்சல் குடுக்கினம்' என்பாள். அப்பக்கத்திலிருந்து படிவத்தை நிரப்புபவர் அதனை 'தேவையற்ற அழைப்பு' என்று எழுதினால் அது ஒரு விளம்பரத் தொந்தரவாகக் கோப்பில் அடங்கிவிடும். 'அநாமதேய மிரட்டல்' என்று எழுதினால் பொலிசுக்குப் போகும். மோசடி என்று எழுதினால் வங்கிக்கும் அறிவிக்கவேண்டிவரும். பெயரே வழியைத் தீர்மானிக்கின்றது.

அவள் கூற்றிலுள்ள 'கரைச்சல்' என்னும் சொல்லைக் கவனிக்க. தொந்தரவு, சிக்கல், ஓயாத வற்புறுத்தல் ஆகிய பொருள்களை ஒருங்கே தாங்கி நிற்கும் இலங்கைத் தமிழ்ச் சொல் அது. தமிழ்நாட்டுத் 'தொல்லை' எங்கும் விளங்கும் என்பதனால் எழுத்தில் அதனை ஏற்பதில் எமக்குத் தடையில்லை. எனினும் முறைப்பாட்டுப் படிவத்தின் தமிழ்ப் பகுதியைத் தயாரிப்போர், ஆங்கிலச் சொற்களுக்கு நேர்ச்சொல் தேடுமுன், முறையிடுவோர் வாயில் வரும் சொற்களைச் சில வாரம் எழுதிவைத்துப் பார்க்கலாம். விளம்பரக் கரைச்சல், காசு கேட்டு வெருட்டல், ஆள்மாறி ஏமாற்றல், பிழையான இலக்கம் என நான்கு கூடுகள் அவற்றிலிருந்தே கிடைக்கும் என எதிர்பார்க்கின்றோம். கடைசிக் கூடு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். பிழையாக எடுத்தவர் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுகிறார், அவரைப்பற்றி எவரும் முறையிடுவதில்லை.